எண் கூண்டும் கடல் ஏற்றமும்: வங்கக் கடல் புயல் எச்சரிக்கையின் வரலாறு

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் தமிழகச் செய்திகளைப் படிப்போர், ‘நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐந்தாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் தொடரை ஆண்டுதோறும் காண்பர். மறுநாள் ‘கடலூரில் ஆறாம் எண் கூண்டு’ என்று வந்தால், புயல் முன்னினும் வலுத்துவிட்டது என்று பலரும் பொருள் கொள்வர். அப்பொருள் சரிதானா? ஐந்தினும் ஆறு பெரிது என்பது எண்கணிதம். ஆனால் துறைமுகக் கொடிமரத்தில் ஏறும் ஐந்தும் ஆறும் ஒரே வலிமையுடைய புயலையே குறிக்கின்றன. வேறுபாடு புயலில் இல்லை. துறைமுகம் நிற்கும் பக்கத்தில் உள்ளது. புயல் செல்லும் திசையை நோக்கி நாம் நின்றால், துறைமுகம் இடப்புறம் இருக்குமாறு புயல் கடக்கும் என்பது ஐந்து. வலப்புறம் இருக்குமாறு கடக்கும் என்பது ஆறு. துறைமுகத்தின் மீதோ அதனை ஒட்டியோ கடக்கும் என்பது ஏழு. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் கடும்புயலுக்கு இதே முறையில் அமைந்தவை. செய்தித் தொடர்பு அறுந்தது என்பதைப் பதினொன்று உணர்த்தும்.

பகலில் கூம்பும் உருளையுமாகிய வடிவங்களாலும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் காட்டப்படும் இம்முறை, 1898ஆம் ஆண்டில் இந்தியத் துறைமுகங்கள் அனைத்திற்கும் ஒரே சீராக்கப்பட்டது. புயல் எங்கே இருக்கிறது என்று கூறுவதோடு நில்லாமல், ‘இந்த ஊருக்கு அது என்ன செய்யும்?’ என்ற வினாவிற்கும் விடை கூற முயன்ற பழைய முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. இவ்விரண்டாம் வினா எவ்வாறு எழுந்தது, எத்தனை உயிர்களை விலையாகக் கொண்டு விடை கண்டது என்பதை ஈண்டுக் காண்போம். நம் முன்னோர் கப்பலேறி வந்த கடலின் வரலாறாதலின், இது நமக்கு அயலார் கதையன்று.

இடஞ்சுழிக் காற்று

நான்கு திசைக் காற்றிற்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கரையோர மக்கள் மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் வழங்குவர். ஆண்டின் வெவ்வேறு பருவங்களுக்கு உரிய இக்காற்றுகள், புயலில் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வீசக்கூடும். அதற்குக் காரணம் புயல் ஒரு சுழி என்பதே. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே அஃது இடஞ்சுழியாகச் சுழலும்.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் பணியாற்றிய கர்னல் ஜேம்ஸ் கேப்பர். காற்றுகளையும் பருவங்களையும் பற்றி 1801இல் அவர் வெளியிட்ட நூலில், சோழமண்டலக் கரையைத் தாக்கும் புயல்கள் பெருஞ்சுழல்கள் என்று எழுதினார். பின்னர் அமெரிக்காவில் ரெட்ஃபீல்டும், ஆங்கிலப் படைப்பொறியாளர் ரீடும் இதனைப் பல சான்றுகளால் நிறுவினர். ஆயினும், வங்கக் கடலுக்கு இவ்வறிவை முழுமையாகப் பொருத்திக் காட்டியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர்.

பிடிங்டன் இளமையில் கடலோடி. பின்னர்க் கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தில் தலைமை வகித்தார். புயலில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒன்று திரட்டி, எந்த நேரத்தில் எந்தக் கப்பலுக்கு எத்திசைக் காற்று வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட்டு, புயல் சென்ற வழியை வரைந்தார். வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இவ்வாராய்ச்சிகள் தொடர்ந்து வெளிவந்தன. 1848இல் அவர் மாலுமிகளுக்கென எழுதிய நூலில்தான் ‘சைக்ளோன்’ என்னும் சொல் முதன்முதல் வழங்கிற்று. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அவர் ஆக்கினார். அந்நூலோடு, கொம்பினால் செய்த மெல்லிய ஒளிபுகும் தகடுகள் இரண்டு இருந்தன. அவற்றில் சுழிக்காற்றின் திசைகள் வரையப்பட்டிருக்கும். கடல் வரைபடத்தின்மேல் தகட்டை வைத்து நகர்த்தி, தன் கப்பலில் வீசும் காற்றோடு பொருத்தினால், சுழியின் நடுவிடம் எப்பக்கம் உள்ளது என்பதை மாலுமி அறிந்து விலகலாம்.

மாலுமிக்கு அவ்வளவு போதும். கப்பல் விலகிச் செல்லும். ஊர் விலகிச் செல்லுமா?

மாத்லா ஆற்றங்கரையில்

ஊர் விலகாது என்பதை முதலில் அழுத்திக் கூறியவரும் பிடிங்டனே. கல்கத்தாத் துறைமுகத்திற்குச் செல்லும் ஹூக்ளி ஆறு மண்மேவி வருவதைக் கண்ட அரசாங்கத்தார், சுந்தரவனக் காட்டை அடுத்த மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க எண்ணினர். 1853இல் பிடிங்டன், தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபுவிற்கு ஒரு கடிதம் எழுதி அச்சிட்டார். புயலோடு சேர்ந்து எழும் கடல் ஏற்றம் அவ்விடத்தை மூழ்கடித்துவிடும் என்பது அதன் கருத்து.

இக்கடிதத்தின் அருமையை நாம் நன்கு உணர வேண்டும். எந்த நாளில் புயல் வரும் என்று பிடிங்டன் கூறவில்லை. கூறவும் அந்நாளில் வழியில்லை. எந்தப் புயல் வந்தாலும் அந்த இடத்தில் என்ன நேரும் என்றே கூறினார். தாழ்ந்த நிலம், கடலை நோக்கி அகன்று விரிந்த ஆற்றுவாய், ஆழமற்ற கடல் ஆகிய மூன்றையும் கண்டு சொன்ன முன்னறிவிப்பு அது. கோதாவரியின் கழிமுகத்தில் இருந்த கோரிங்கா என்னும் துறைமுக ஊரை 1789இலும் 1839இலும் கடல் புகுந்து அழித்ததை அவர் அறிந்திருந்தார்.

கடிதம் கேட்பாரற்றுப் போயிற்று. துறைமுகம் கட்டப்பட்டது, கானிங் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது, கல்கத்தாவிலிருந்து இருப்புப் பாதையும் போடப்பட்டது. பிடிங்டன் 1858இல் மறைந்தார். 1867 நவம்பர் முதல் நாள் வீசிய புயலில் கானிங் துறைமுகம் சிதைந்தது. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டனர்.

தந்தியும் துறைமுகமும்

கானிங் அழிவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே கல்கத்தாவிற்குப் பேரிடி விழுந்தது. 1864 அக்டோபர் 5ஆம் நாள் புயலில் ஹூக்ளி ஆற்றின் வழியே கடல் உள்ளே புகுந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை நங்கூரம் அறுந்து ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. ஆற்றுவாயின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர் என்பது கணக்கு. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் தாக்கிற்று.

அந்நாளில் தந்திக் கம்பிகள் நாடெங்கும் பரவியிருந்தன. புயலைவிடத் தந்தி விரைவானது. ஆதலின், கடற்கரை நிலையங்களிலிருந்து பாரமானியின் அளவையும் காற்றின் திசையையும் தந்தியில் பெற்றுத் துறைமுகத்தை எச்சரிக்கும் ஏற்பாடு 1865இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. 1864ஆம் ஆண்டுப் புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவருள் ஒருவராகிய ஹென்றி பிளான்போர்டு, 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார்.

எச்சரிக்கை பிறந்தது. ஆனால் அது துறைமுகத்திற்கே பிறந்தது; வணிகக் கப்பலைக் காப்பதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டே, 1876 அக்டோபர் 31ஆம் நாள் இரவு, மேக்னா ஆற்றுவாயிலுள்ள பாக்கர்கஞ்சுப் பகுதியில் கடல் புகுந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நீரில் மாண்டனர். பின்னர் வந்த வாந்திபேதியிலும் பிற நோயிலும் ஏறத்தாழ அத்தனை பேர் மடிந்தனர். அவர்கள் உழவர், கொடிமரத்தை நோக்கியிருந்தவர்கள் அல்லர். அன்று முழுநிலவை ஒட்டிய நாள். கடலின் ஓதம் இயல்பாகவே உயர்ந்திருந்தது. அதன்மேல் புயலின் ஏற்றமும் சேர்ந்தது. இப்புயலை ஆராய்ந்து 1877இல் அறிக்கை வெளியிட்டவர், பிளான்போர்டிற்குப் பின் வானிலைத் துறைத் தலைவரான ஜான் எலியட்.

ஒரே புயல், ஊருக்கு ஒரு விளைவு

இங்கே சற்று நின்று, கடல் ஏற்றம் யாங்ஙனம் உண்டாகிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். வகுப்பில் விளக்க வேண்டிய ஆசிரியர்களுக்கும் இஃது உதவும்.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்றே மேலெழும்பும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் உயரும். ஐம்பது மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டரே ஆகும். ஊரை அழிப்பது அதுவன்று. காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலில் அந்நீர் அடியிற் சென்று திரும்ப வழியுண்டு. ஆழமற்ற கரைக்கடலில் வழியில்லை. ஆகவே நீர் குவிகிறது. கரை புனல் போல் குறுகிச் சென்றால் மேலும் குவிகிறது. வங்கக் கடலின் வடமுனை இவ்விரண்டு குறையும் உடையது.

அடுத்தது பக்கம். மேற்கு நோக்கிச் செல்லும் புயல் ஒன்று வேதாரணியத்தில் கரை ஏறுவதாகக் கொள்வோம். அதற்கு வடக்கேயுள்ள நாகப்பட்டினம் வலப்புறம் ஆகும். இடஞ்சுழியாகச் சுழலும் காற்று அங்கே கொண்டலாகக் கடலிலிருந்து வீசி நீரைக் கரைமேல் ஏற்றும். அதே புயல் கடலூரில் கரை ஏறுமாயின், நாகப்பட்டினம் இடப்புறம் ஆகும். அங்கே நிலத்திலிருந்து கச்சான் வீசி நீரைக் கடலுக்குள் தள்ளும். புயல் ஒன்று, வலிமை ஒன்று, ஊரும் ஒன்று. கடக்கும் இடம் சிறிது மாறினால் ஓர் ஊரில் கடல் ஏறும், அல்லது இறங்கும். ஐந்தாம் கூண்டிற்கும் ஆறாம் கூண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது நேரம். ஓதம் உயர்ந்த வேளையில் வரும் புயலும், தாழ்ந்த வேளையில் வரும் புயலும் ஒன்றல்ல. சில மணி நேர வேறுபாடு ஆயிரக்கணக்கான உயிர்களைத் தீர்மானிக்கும். நான்காவது மழை. அது புயலின் வேகத்தைவிட அதன் மெதுவான நடையையும், எதிரே நிற்கும் மலையையும் பொறுத்தது.

என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணாக்கரிடம் இவ்விரண்டு கூண்டுகளைப் பற்றி வினவினேன். ‘ஆறே பெரிது’ என்று அனைவரும் கையுயர்த்தினர். கரும்பலகையில் கரையை வரைந்து, தாளில் வெட்டிய சுழி ஒன்றை வடக்கும் தெற்குமாக நகர்த்திக் காட்டியபின், ‘அப்படியானால் எண்ணோடு நம் ஊர்ப் படமும் வேண்டும் ஐயா’ என்றாள் ஒரு சிறுமி. பிடிங்டனின் கொம்புத் தகடு செய்த பணியை ஒரு துண்டுத் தாள் செய்யக் கூடும்.

தனுஷ்கோடி

1964 டிசம்பரில் அந்தமானின் தெற்கே உருவான தாழ்வு மண்டலம் ஒன்று மேற்கு நோக்கி நகர்ந்து, புயலாக வலுத்து, இலங்கையின் வடபகுதியைத் தாக்கியபின் பாக் நீரிணையை அடைந்தது. டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் தொடர்வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைமன்னாருக்குக் கப்பல் விடும் துறையாகவும், அஞ்சல் நிலையமும் கோயிலும் தேவாலயமும் உடைய ஊராகவும் இருந்த தனுஷ்கோடி, வாழத் தகுதியற்றது என்று அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டது.

இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டு அவ்வூர். ஒருபுறம் மன்னார் வளைகுடா. மறுபுறம் ஆழம் மிகக் குறைந்த பாக் நீரிணை. புயல் வரும் என்பது வானிலைத் துறைக்குத் தெரிந்திருந்தது. அம்மணல் திட்டின்மேல் நீர் எத்தனை அடி ஏறும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் முறைதான் வழக்கிற்கு வரவில்லை. வங்கக் கடலின் ஏற்றத்தைக் கணிப்பதற்கான ஒரு கணித முறையை இந்திய வானிலை அறிஞர் பி. கே. தாஸ் வெளியிட்டது 1972இல். தனுஷ்கோடிக்கு எட்டாண்டு பிந்திய விடை அது.

கேட்டும் நகராதவர்கள்

அக்கணிதத்திற்கு உலகைத் திருப்பியது 1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்காளதேசத்தின் போலாத் தீவையும் சுற்றுப்புறத்தையும் புயல் தாக்கியது. மூன்று இலட்சத்திற்குக் குறையாதவர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. அதுவும் முழுநிலவு நாள். ஓதம் உயர்ந்த வேளை. பாக்கர்கஞ்சில் 94 ஆண்டுகளுக்கு முன் கண்ட அதே கூட்டு.

இம்முறை செயற்கைக்கோள் புயலைக் கண்டது, வானொலி எச்சரித்தது. பின்னர் ஆராய்ந்த ஃபிராங்க், ஹுசைன் என்னும் இருவரும், அப்பகுதி மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் புயல் வருவதை அறிந்திருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களை நாடியவர் நூற்றுக்கு ஒருவரே என்றும் எழுதினர். ஏன்? முந்திய மாதத்தில் வந்த எச்சரிக்கையைத் தொடர்ந்து பெருஞ்சேதம் நேரவில்லை. மேலும், கப்பலுக்காக வகுத்த குறியீட்டைக் கொண்டு, ‘உன் வீட்டுத் திண்ணைக்கு மேல் நீர் எவ்வளவு நிற்கும்?’ என்பதை உழவன் எவ்வாறு அறிவான்? சென்று ஒதுங்க மேட்டிடமும் இல்லை.

இப்பாடம் வீண்போகவில்லை. 1972 முதல் வங்காளதேசத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு சிற்றூர்த் தொண்டர் அமைப்பு வளர்ந்தது. ஒலிபெருக்கி ஏந்திய தொண்டர் தம் ஊர் மொழியிலேயே வீடுதோறும் சொல்வர். உயரமான தூண்களின்மேல் புகலிடங்கள் எழுந்தன. அவற்றுள் பல, ஏனைய நாள்களில் பள்ளிக்கூடங்கள். 1991 ஏப்ரலில் மீண்டும் ஏறத்தாழ 1,40,000 பேரை அந்நாடு இழந்தது உண்மையே. ஆனால் 2007இல் வந்த சிடர் என்னும் கடும்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 3,400 பேர். அவ்வாறு கற்காத இடத்தில் நிகழ்ந்ததையும் பார்க்க வேண்டும். 2008 மே மாதம் ஐராவதிக் கழிமுகத்தை நர்கிஸ் புயல் தாக்கியபோது இறந்தோரும் காணாமற் போனோரும் சேர்ந்து 1,38,000 பேர்.

ஒடிசாவின் கணக்கு மேலும் தெளிவானது. 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12ஆம் நாள் அதே மாநிலத்தைப் பைலின் புயல் தாக்கியது. எந்த மாவட்டக் கரையில், ஓதத்திற்கு மேல் எத்தனை மீட்டர் நீர் ஏறும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டது. பத்து இலட்சத்தை ஒட்டிய மக்கள் முன்னதாகவே அகற்றப்பட்டனர். மாண்டோர் ஐம்பதின்மருக்கும் குறைவு. ‘புயல் வருகிறது’ என்பதற்கும் ‘உன் ஊரில் இது நேரும்’ என்பதற்கும் உள்ள தொலைவை இவ்விரண்டு எண்களால் அளக்கலாம். உலக வானிலை அமைப்பும் 2015இல், வானிலை எவ்வாறு இருக்கும் என்பதோடு அதனால் என்ன விளையும் என்பதையும் அறிவிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

எனினும், வேலை முடிந்துவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் விரைந்து வலுத்தபோது, ஆழ்கடல் மீனவர் பலர் முன்னரே கடலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். கரையில் ஒலித்த சொல் அவர்களை எட்டவில்லை, பலர் திரும்பவில்லை. சொல் சேரவேண்டிய இடம் ஊர் மட்டுமன்று. ஆள் நிற்கும் இடம்.

நம் நாட்டில்

நிலநடுக்கோட்டை அடுத்த நமக்குப் புயல் இல்லை என்பது நெடுநாளைய நம்பிக்கை. கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் சுழி உருவாவது அரிது என்பது அறிவியல் கூறும் பொதுவிதி. புவியின் சுழற்சியால் காற்று வளைவது அங்கே மிகக் குறைவு. ஆயினும், 2001 டிசம்பர் 27ஆம் நாள், ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே, வாமெய் என்னும் புயல் தென்சீனக் கடலிலிருந்து வந்து ஜோகூரின் தென்கிழக்கில் கரை ஏறிற்று. வாடைப் பருவக் காற்று பல நாள் ஓயாது வீசியதும், போர்னியோவை ஒட்டிய சுழியும் ஒன்றுகூடியதால் பிறந்தது அது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1996 டிசம்பர் 26ஆம் நாள், சபாவைத் தாக்கிய கிரெக் புயலில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்விரண்டிலும் பேரழிவு செய்தது கடல் ஏற்றமன்று. கெனிங்காவில் ஆற்றுவெள்ளம், ஜோகூரில் வெள்ளமும் மண்சரிவும். வங்கக் கடலில் கரையும் ஓதமும் எவ்வாறோ, நமக்கு மலைச்சரிவும் ஆற்றங்கரையும் அவ்வாறு. சரிவிலே தோட்டமும், ஆற்றோரத்திலே லயங்களும் அமைந்த நாடு இது.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றிலிருந்து மாணாக்கருக்குக் கொடுக்கத்தக்கது ஒன்று உண்டு. புயலைக் காண்பதற்குச் செயற்கைக்கோளும் வானிலை நிலையமும் இருக்கின்றன. பள்ளி எந்த உயரத்தில் நிற்கிறது, மழை மிகுந்தால் எந்த ஓடை முதலில் பெருகும், எந்த வழியே மேட்டிற்குச் செல்லலாம் என்பவற்றை அறிய வேண்டியவர் அவ்வூரில் வாழ்வோரே. நிலநூல் பாடத்தின் முதற்படமாக ஒவ்வொரு மாணவனும் தன் ஊரின் மேடு பள்ளங்களையே வரையட்டும். 1853இல் பிடிங்டன் அரசாங்கத்தார்க்குக் காட்டியதும் அத்தகைய படம்தான். அன்று அதனைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே இருந்தார். இன்று ஒரு வகுப்பிற்கு முப்பதுபேர் இருக்க முடியும்.